வற்றிய உடம்பில் விழும் குத்து

2000-ஆம் ஆண்டு பிப்ரவரி 26. நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் குத்துச்சண்டை வீரர்கள் ஆர்ட்டுரோ காட்டியும் ஜோயி கமாஷும் மோதினார்கள். ஒப்புக்கொண்ட எடை வரம்பு 141 பவுண்டு, அதாவது சுமார் 64 கிலோ. முந்தைய நாள் எடை பார்த்தபோது இருவரும் வரம்புக்குள் இருந்ததாகப் பதிவானது. காட்டி தராசில் சரியாக நிற்கவே இல்லை என்பது கமாஷ் தரப்பின் புகார். போட்டியன்று மாலை, ஒளிபரப்பிய எச்.பி.ஓ. தொலைக்காட்சி தன்னுடைய தராசில் இருவரையும் நிறுத்திப் பார்த்தது. கமாஷ் 145 பவுண்டு. காட்டி 160. பதிவான எடை உண்மை என்றால், காட்டி ஒரே நாளில் எட்டரைக் கிலோவுக்கு மேல் ஏறியிருந்தார்.

இரண்டாம் சுற்றில் கமாஷ் நினைவிழந்து விழுந்தார். அவர் இரண்டு எடைப் பிரிவுகளில் உலகப் பட்டம் வென்றிருந்தவர். மூளைக் காயத்தோடு மருத்துவமனைக்குப் போனவர், அதன்பிறகு மேடை ஏறவே இல்லை. நியூயார்க் மாநில விளையாட்டு ஆணையத்தின்மீது வழக்குப் போட்டார். எடை பார்த்ததில் ஆணையம் கவனக்குறைவாக நடந்தது என்று 2010-இல் நீதிபதி ஒப்புக்கொண்டார். இழப்பீடு மட்டும் கிடைக்கவில்லை.

இந்தச் சண்டையைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் கனத்த கையால் அடிபட்டவரைப் பற்றியே பேசுவார்கள். அது நியாயம்தான். ஆனால் எடையை இறக்கி ஏற்றும் வேலையை இன்று ஒருவர் மட்டும் செய்வதில்லை. தொழில்முறை மேடையில் நிற்கும் இருவருமே பெரும்பாலும் அதைச் செய்துவிட்டுத்தான் வந்து நிற்கிறார்கள். அடிக்கிற கையைப் போலவே அடி வாங்குகிற தலையும் முந்தைய நாள் வற்றிப்போய், ஒரே இரவில் அவசரமாக நிரப்பப்பட்டது. அந்தத் தலை பழையபடி அடி தாங்குமா? தாங்காது என்று பயிற்சியாளர்கள் காலங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். அறிவியலும் அந்தப் பக்கமே சாய்கிறது. ஆனால் அதற்குப் பலரும் சொல்லும் காரணம் பாதிதான் சரி. மீதிக் காரணங்கள் அதைவிடக் கவலை தருபவை.

எடை எப்படி இறங்குகிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். 70 கிலோ வீரரின் உடம்பில் ஏறக்குறைய 42 லிட்டர் தண்ணீர் இருக்கிறது. கடைசி வாரத்தில் அவர் தொடுவது அதைத்தான். சோற்றையும் ரொட்டியையும் நிறுத்தினால் தசையிலும் கல்லீரலிலும் இருக்கும் கிளைக்கோஜன் கரையும். ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனோடும் ஏறக்குறைய 3 கிராம் தண்ணீர் வெளியேறும். உப்பைக் குறைத்தால் இன்னும் கொஞ்சம் போகும். சிலர் சில நாட்களுக்கு லிட்டர் லிட்டராகக் குடித்துவிட்டுச் சட்டென்று நிறுத்துவார்கள். தண்ணீரை வெளியேற்றிப் பழகிய சிறுநீரகம், வரத்து நின்ற பிறகும் கொஞ்ச நேரம் வெளியேற்றிக்கொண்டே இருக்கும். எஞ்சியதற்கு வெந்நீர்த் தொட்டி, நீராவி அறை, காற்றுப் புகாத ஸ்வெட் சூட். அதுவும் போதாவிட்டால் சூயிங்கம் மென்று குவளையில் எச்சில் துப்புவார்கள். மேரி கோம் 2018-இல் போலந்துப் போட்டி ஒன்றுக்கு அதிகாலையில் போய் இறங்கினார். எடை பார்க்க நான்கு மணி நேரமே இருந்தது. 2 கிலோ கூடுதல். ஒரு மணி நேரம் விடாமல் ஸ்கிப்பிங் செய்து அதை இறக்கியதாக அவரே சொன்னார். அந்தப் போட்டியில் தங்கமும் வென்றார். நம் ஊர்களில் இது வீரக்கதையாகவே சொல்லப்படுகிறது. உடலியல் தெரிந்தவர்களுக்கு அதைக் கேட்டு வயிறு கலங்கும்.

இனி, குத்து விழும் இடத்துக்கு வருவோம். அடி தாங்குகிறவரை 'இரும்புத் தாடைக்காரர்' என்று புகழ்கிறோம். தாடை எலும்புக்கும் நினைவிழப்புக்கும் நேரடிச் சம்பந்தம் குறைவு. தாடை ஒரு நெம்புகோல், அவ்வளவுதான். அதன் முனையில் பக்கவாட்டில் குத்து விழும்போது தலை வெடுக்கென்று சுழல்கிறது. மண்டை ஓடு சுழன்றுவிடும். உள்ளே இருக்கும் சுமார் 1.4 கிலோ மூளை ஒரு கணம் பின்தங்கும். உறைந்த தயிர் இருக்கும் சட்டியைச் சட்டெனத் திருப்பினால் ஓரத்துத் தயிர் கீறல் விடுமே, அதுபோல மூளைத் திசுவின் அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று இழுபடும். ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த ஹோல்போர்ன் என்ற இயற்பியலாளர் 1943-இலேயே மண்டை ஓட்டின் வடிவ அச்சில் ஜெலட்டினை நிரப்பிச் சுழற்றி, நேர்கோட்டில் இடிப்பதைவிடச் சுழற்றுவதே மூளைக்கு அதிகக் கேடு என்று காட்டினார். பின்னால் வந்த ஆய்வுகள் பலவும் இந்த அடித்தளத்தின்மேல் எழுந்தவை.

எடை குறைப்பு தலையைப் பாதிக்கும் விதம் பற்றி ஜிம்களில் சொல்லப்படும் விளக்கம் இது: மூளையைச் சுற்றி ஒரு திரவம் மெத்தைபோல இருக்கிறது, தண்ணீர் குறைந்தால் மெத்தை வற்றிவிடும், மூளை போய் எலும்பில் மோதும். கேட்டவுடன் மனத்தில் பதியும் விளக்கம்தான். ஆனால் உடம்பு அந்தத் திரவத்தை அவ்வளவு எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை. மூளைத் தண்டுவடத் திரவம் மொத்தம் 150 மில்லி அளவே. ஒரு நாளில் சுமார் 500 மில்லி சுரந்து, அது திரும்பத் திரும்பப் புதுப்பிக்கப்படுகிறது. வியர்த்துக் களைத்தவர்களை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்த ஆய்வுகளில், மூளைக்குள் அந்தத் திரவம் நிற்கும் அறைகள் விரிந்திருந்ததாகத் தெரிந்தது. சுருங்கியது மூளைத் திசுதான். 2005-இல் வெளியான ஓர் ஆய்வில், ஆரோக்கியமானவர்கள் 16 மணி நேரம் எதுவும் குடிக்காமல் இருந்தபோது மூளையின் கன அளவு சராசரியாக 0.55 சதவீதம் குறைந்தது; தண்ணீர் குடித்ததும் மீண்டது. மொத்தத்தில் ஏழு மில்லி அளவுக்கான மாற்றம். அவர்கள் தாகத்தோடு சும்மா இருந்தவர்கள். நீராவி அறையில் உட்கார்ந்து நாலைந்து கிலோவை இறக்கியவர்கள் அல்ல.

ஏழு மில்லியில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். மூளையின் மேற்பரப்பிலிருந்து மெல்லிய சிரைகள் புறப்பட்டு, மண்டை ஓட்டின் உட்புறத்தை ஒட்டிச் செல்லும் பெரிய சிரைக்குப் பாலம்போலப் போகின்றன. தலை வெடுக்கென்று சுழலும்போது அறுந்துபோவது இந்தப் பாலங்கள்தான். அறுந்தால் மூளையுறைக்குக் கீழே ரத்தம் தேங்கி மூளையை அழுத்தும். குத்துச்சண்டை மேடையில் ஏற்படும் மரணங்களில் பெரும்பாலானவற்றுக்கு இந்த ரத்தக் கசிவே காரணம். முதியவர்கள் சாதாரணமாகத் தடுக்கி விழுந்தாலே இது நேர்வதற்கு மருத்துவர்கள் சொல்லும் விளக்கம், வயதால் மூளை சுருங்கி இந்தச் சிரைகள் ஏற்கெனவே இழுபட்ட நிலையில் இருக்கின்றன என்பது. தண்ணீர் இழந்த இளம் மூளையிலும் சிறிய அளவில் அதே இழுப்பு ஏற்படலாம் என்று கருத இடமிருக்கிறது. மனிதர்களில் இது நேரடியாக நிரூபிக்கப்படவில்லை. நிரூபிக்க வேண்டுமானால் சிலரை வற்றவைத்து, சிலரை வற்றவைக்காமல், இரு கூட்டத்தின் தலையிலும் ஒரே அளவில் குத்த வேண்டும். எந்த நெறிமுறைக் குழு அனுமதிக்கும்?

இரண்டாவது காரணம் வேதியியல் சார்ந்தது. எனக்கு இதுவே முக்கியமாகப் படுகிறது. பலமான அடி விழுந்த கணத்தில் நரம்பணுக்களிலிருந்து பொட்டாசியம் வெளியே பாய்கிறது, கால்சியம் உள்ளே புகுகிறது. அவற்றை மறுபடி அதனதன் இடத்துக்குத் தள்ள அணுக்களின் பம்புகள் முழு வேகத்தில் ஓட வேண்டும். அதற்கு எரிபொருள் குளுக்கோஸ். ஆனால் அடிபட்ட மூளைக்குப் போகும் ரத்த ஓட்டம் அதே நேரத்தில் குறைந்துவிடுகிறது. தேவை உச்சத்தில், வரத்து சரிவில். இந்த நெருக்கடியை நன்றாக உண்டு குடித்த உடம்பு ஓரளவு சமாளிக்கும். நாலு நாள் மாவுச்சத்தைத் தொடாமல் கல்லீரலின் சேமிப்பைக் காலி செய்தவருக்கோ, பிளாஸ்மா குறைந்து ரத்தம் கெட்டிப்பட்டிருப்பவருக்கோ கைவசம் என்ன இருக்கும்? சேமிப்புக் குறைந்த ரத்தத்தை நம்பி மூளை அந்தச் சில நிமிடங்களைக் கடக்க வேண்டியிருக்கிறது.

மூன்றாவது காரணத்தை ரசிகர்கள் கவனிப்பதே இல்லை: கழுத்து. குத்து வருவதைக் கண் பார்த்து, கழுத்துத் தசை இறுகினால், தலையோடு உடம்பும் சேர்ந்து அந்த விசையை வாங்கிக்கொள்ளும். இறுகாவிட்டால் தலை தனியாகச் சுழலும். அமெரிக்கப் பள்ளிகளில் கால்பந்து, கூடைப்பந்து, லாக்ராஸ் விளையாடிய சுமார் 6,700 மாணவர்களை ஆராய்ந்து 2014-இல் வெளியான கட்டுரை ஒன்று, கழுத்து வலிமை ஒவ்வொரு பவுண்டு கூடும்போதும் மூளை அதிர்ச்சிக்கான வாய்ப்பு 5 சதவீதம் குறைந்ததாகச் சொன்னது. குத்துச்சண்டைக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த ஒன்று உண்டு: ஆளைச் சாய்ப்பது பெரும்பாலும் கண்ணில் படாத குத்து. வற்றிய உடம்பில் இதயம் வேகமாக அடிக்கும், உடல் சூடு சீக்கிரம் ஏறும், களைப்பு முன்கூட்டியே வந்துவிடும். கை தாழும். தலை அசைவு ஒரு நொடியின் சிறு பங்கு தாமதிக்கும். நாலாம் சுற்றில் தோளை உரசிப் போயிருக்க வேண்டிய குத்து ஒன்பதாம் சுற்றில் தாடையில் இறங்கும். தாடை பலவீனமாகிவிட்டது என்று வர்ணனையாளர் சொல்வார். உண்மையில் தளர்ந்தது கண்ணும் கழுத்தும் காலும்.

'அதுதான் ஒரு நாள் முழுக்க அவகாசம் இருக்கிறதே, குடித்துச் சாப்பிட்டுத் தேற்றிக்கொள்ளலாமே' என்பது வழக்கமான சமாதானம். தராசு அந்தச் சமாதானத்தை ஆமோதிக்கும், எடை திரும்பிவிடும். ஆனால் குடலில் கிடக்கும் உணவும் தண்ணீரும்கூடத் தராசுக்கு எடைதான். ரத்தப் பிளாஸ்மா ஓரளவு சீக்கிரம் நிரம்பும். திசுக்களுக்குள் தண்ணீர் சமநிலைக்கு வர அதைவிட நேரம் பிடிக்கும். கலப்புத் தற்காப்புச் சண்டைக்காரர்கள் 40 பேரை ஆராய்ந்து 2013-இல் வெளியான ஆய்வில், எடை பார்த்தபின் ஏறக்குறைய 22 மணி நேரத்தில் அவர்கள் சராசரியாக 3.4 கிலோ ஏறியிருந்தார்கள். அப்படியும் போட்டிக்குச் சற்றுமுன் எடுத்த சிறுநீர்ப் பரிசோதனையில் 39 சதவீதம் பேர் இன்னும் நீரிழப்பிலேயே இருந்தார்கள். நரம்பு வழியாகச் சொட்டுநீர் ஏற்றுவதையும் ஊக்கமருந்து விதிகள் மருத்துவக் காரணமின்றி 12 மணி நேரத்துக்கு 100 மில்லிக்கு மேல் அனுமதிப்பதில்லை.

இத்தனைக்கும் பிறகு, எடை குறைத்தவர்தான் அதிகம் விழுகிறார் என்று உறுதியாகச் சொல்லும் பெரிய புள்ளிவிவரம் உண்டா என்றால், இல்லை. எடை குறைத்துவிட்டு வெல்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். மேடையிலிருந்து கிடைக்கும் உதாரணங்களும் கலங்கலானவை. எல்லோரும் காட்டும் உதாரணம் ராய் ஜோன்ஸ் ஜூனியர். 2003 மார்ச்சில் 193 பவுண்டு எடையோடு ஜான் ரூயிஸை வென்று ஹெவிவெயிட் பட்டம் பெற்றார். நவம்பரில் 175 பவுண்டுக்கு இறங்கி ஆன்டோனியோ டார்வரிடம் தட்டுத் தடுமாறி வென்றார். 2004 மே மாதம் அதே டார்வரின் ஒற்றை இடக்கைக் குத்தில் இரண்டாம் சுற்றில் சாய்ந்தார். செப்டம்பரில் கிளென் ஜான்சன் ஒன்பதாம் சுற்றில் அவரை வீழ்த்தியபோது சில நிமிடங்கள் எழவே இல்லை. டார்வரிடம் சாயும்வரை 50 சண்டைகளில் அவருடைய ஒரே தோல்வி, விதிமீறலுக்காகத் தகுதி நீக்கப்பட்டது மட்டுமே. ஆனால் அவர் இழந்தது கஷ்டப்பட்டு ஏற்றிய தசை. ஒரு நாள் தண்ணீர் மட்டும் இல்லை. வயதும் அப்போது 35. எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. பிரிக்க முடியாததை ஆதாரம் என்று முன்வைப்பது சரியில்லை என்பதால் இதைச் சொல்கிறேன். உடலியல் தரும் காரணங்களோ எந்த ஒரு வீரரின் கதையையும் சார்ந்தவை அல்ல.

இப்போதைய ஏற்பாடு பாதுகாப்புக்காகவே வந்தது என்பதுதான் வேதனை. 1982 நவம்பர் 13 அன்று லாஸ் வேகாஸில் ரே மான்சினியோடு மோதிய தென்கொரியாவின் கிம் டுக்-கூ, 135 பவுண்டு வரம்புக்குள் வர முந்தைய நாட்களில் மிகவும் சிரமப்பட்டிருந்தார். 14-ஆம் சுற்றில் விழுந்தார். மூளையுறைக்குக் கீழே ரத்தக் கசிவு. சில நாட்களில் இறந்தார். அதன்பிறகு உலகக் குத்துச்சண்டைக் கவுன்சில் பட்டப் போட்டிகளை 15 சுற்றிலிருந்து 12 ஆகக் குறைத்தது. எடை பார்ப்பதும் 1980-களில் போட்டி நாளிலிருந்து முந்தைய நாளுக்கு நகர்ந்தது. வற்றிய உடம்போடு யாரும் மேடை ஏறக்கூடாது என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் 24 மணி நேரம் கிடைத்ததும் வீரர்களும் பயிற்சியாளர்களும் அதைக் கணக்கில் வைத்து இன்னும் அதிகமாக இறக்கத் தொடங்கினார்கள். தேறுவதற்குக் கொடுத்த நேரம், மேலும் வற்றுவதற்கான உரிமமாகிவிட்டது.

எடை பார்ப்பதை மறுபடி போட்டி நாளுக்கே கொண்டு வந்தால் தீருமா? அமெச்சூர் போட்டிகளில் அப்படித்தான் செய்கிறார்கள். அங்கே இறக்கும் அளவு குறைவு; ஆனால் இறக்கியவருக்குத் தேறச் சில மணி நேரமே கிடைக்கும். மல்யுத்தத்தில் என்ன ஆகும் என்பதை 2024 ஆகஸ்டில் பாரிஸில் நாம் எல்லோரும் பார்த்தோம். இறுதிப் போட்டிக்கு முந்தைய இரவு முழுக்கப் பாடுபட்டும் வினேஷ் போகத் 50 கிலோவுக்கு மேல் 100 கிராமில் நின்றார். பதக்கம் போனதைப் பற்றி நாடே பேசியது. அன்று அவருக்கு எடை சரியாக வந்திருந்தால், அந்த உடம்போடு ஓர் இறுதிப் போட்டியில் மோதியிருப்பார் என்பதைப் பற்றிப் பேசியவர்கள் மிகச் சிலர்.

வழி இல்லாமல் இல்லை. 1997-இன் கடைசி வாரங்களில் அமெரிக்கக் கல்லூரி மல்யுத்த வீரர்கள் மூன்று பேர் எடை இறக்கும் முயற்சியிலேயே இறந்தார்கள். கல்லூரி விளையாட்டுச் சங்கம் உடனே நீராவி அறையையும் ரப்பர் உடையையும் தடை செய்தது. எடை பார்ப்பதைப் போட்டிக்கு மிக அருகில் கொண்டுவந்தது. அதோடு நிற்கவில்லை. பருவத் தொடக்கத்தில் ஒவ்வொருவரின் கொழுப்பளவையும் கணக்கிட்டு, இவர் இந்த எடைக்குக் கீழே போகக்கூடாது என்று வரையறுத்தது. அப்படிக் கணக்கிடும் நாளில் சிறுநீரின் ஒப்படர்த்தி 1.020-ஐத் தாண்டக்கூடாது. தாண்டினால் உடம்பில் தண்ணீர் போதவில்லை என்று பொருள். 2015 டிசம்பரில் 21 வயது சீன வீரர் யாங் ஜியான் பிங் எடை இறக்கும்போது இறந்த பிறகு, ஆசியாவின் ஒன் சாம்பியன்ஷிப் அமைப்பும் சிறுநீர்ப் பரிசோதனையைக் கொண்டுவந்தது. இதிலும் ஓட்டைகள் உண்டு. நேரம் பார்த்துத் தண்ணீர் குடித்துச் சோதனையை ஏமாற்றலாம். என்றாலும் இந்த விளையாட்டுகள் கிலோவோடு சேர்த்துத் தண்ணீரையும் அளக்கத் துணிந்தன.

தொழில்முறைக் குத்துச்சண்டை இன்னும் எடையை மட்டுமே பிடித்துக்கொண்டிருக்கிறது. சர்வதேசக் குத்துச்சண்டைக் கூட்டமைப்பின் பட்டப் போட்டிகளில், போட்டியன்று காலை வரம்பைவிட 10 பவுண்டுக்கு மேல் ஏறியிருக்கக் கூடாது. உலகக் கவுன்சில் 30 நாளுக்கு முன்பும் 7 நாளுக்கு முன்பும் எடை பார்க்கிறது. இவை நல்ல விதிகள்தாம். ஆனால் மறுநாள் ஏறுவதற்கு மட்டும் வரம்பு வைத்தால், வற்றியவர் முழுதாகத் தேறுவதையும் அதே விதி தடுக்கும். 2025 ஏப்ரலில் லண்டன் டாட்டன்ஹாம் மைதானத்தில் கானர் பென்னோடு மோதிய கிறிஸ் யூபேங்க் ஜூனியருக்கு நேர்ந்தது அதுதான். வரம்பு 160 பவுண்டு. மறுநாள் காலை 170-ஐத் தாண்டக்கூடாது. முதல் நாள் அவர் 0.05 பவுண்டு, அதாவது 23 கிராம் கூடுதலாக இருந்தார். அபராதம் 3,75,000 பிரிட்டிஷ் பவுண்டு. மறுநாள் 12 சுற்றும் அடித்து, அடி வாங்கி, புள்ளிகளில் வென்றார். பிறகு இரண்டு இரவுகள் மருத்துவமனையில் இருந்தார்.

உண்மையில் தண்ணீரை அளக்கும் கருவி இந்த மேடைகளுக்குப் புதியதே அல்ல. ஊக்கமருந்துச் சோதனை நடக்கும் இடங்களில், மாதிரி எடுக்கும் அலுவலர் வீரரின் சிறுநீரில் ஒரு துளியை ஒளிவிலகல் மானியில் வைத்து ஒப்படர்த்தியை அங்கேயே பார்த்துக் குறித்துக்கொள்கிறார். மாதிரி நீர்த்துப்போயிருக்கிறதா என்று கண்டுபிடிக்க அது. 1.005-க்குக் கீழே இருந்தால் வீரரைக் காக்கவைத்து இன்னொரு மாதிரி கேட்பதே அங்கே பொது வழக்கம். 1.030 என்று காட்டினாலும் அந்த எண் படிவத்தில் ஏறும். அதைப் பார்த்து வீரரைத் தடுத்து நிறுத்தும் கடமை அந்த அலுவலருக்குக் கிடையாது.